கல்யாணப் பத்திரிகை அட்டையும் ஒரு கைப்பிடி பயறும்: தனிம அட்டவணையை மனப்பாடம் இல்லாமல் பிடிப்பது எப்படி

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று ஆரம்பித்தால் கால்சியம் வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். சரி, சோடியத்தை ஏன் லித்தியத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "மாமா, புக்குல அங்கதான் இருக்கு" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படிப் படித்தவன்தான். பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் மனப்பாட வரியில் ஒரு சொல் நழுவி, வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஆக்சிஜனுக்கு ஏழு, ஃபுளூரினுக்கு ஆறு என்று மாற்றி எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்று கேள்விகளையும் கோட்டைவிட்டேன். அந்த எரிச்சலில் பிற்பாடு நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழிதான் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வீட்டில் ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கும் பிள்ளை இருந்தால் கூட உட்காரவையுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரியவர்கள் தனியாக விளையாடினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

தேவையானவை: பழைய கல்யாணப் பத்திரிகைகள் (அட்டை கெட்டியாக இருக்கும், உள்பக்கம் எழுதலாம்), கத்தரிக்கோல், பேனா, பாசிப்பயறு ஒரு கைப்பிடி, கறுப்பு உளுந்து ஒரு கைப்பிடி. சீட்டுக்கட்டு அளவில் முப்பது துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இருபது தனிமங்களுக்கு இருபது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின், அலுமினியம் எல்லாம் ஒன்றுக்கு மேல் தேவைப்படும் என்பதால் மிச்சம்.

அட்டைக்கு முன்னால், அடுப்படியில் பத்து நிமிடம்

தனிமம், சேர்மம், கலவை மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அட்டவணைக்குள் போனால் ஒன்றும் நிற்காது. பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது இதுதான்: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தால் கலவை, ஒரே மாதிரி இருந்தால் சுத்தப் பொருள். சாம்பாருக்கு இது சரிப்பட்டு வரும், 916 நகைக்கு வராது. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. எந்த லென்ஸை வைத்துப் பார்த்தாலும் ஒரே மஞ்சள்தான், ஆனால் அது கலவை.

அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: விகிதத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா? தங்கத்தைக் குறைத்து 750 பங்கு போட்டால் 18 கேரட், அதுவும் நகைதான். தண்ணீரில் அந்த வேலை நடக்காது. 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன், தாமிரபரணித் தண்ணீர் என்றாலும் ஆர்க்டிக் பனிக்கட்டி என்றாலும் அதே கணக்கு. விகிதம் மாறினால் அது தண்ணீரே இல்லை. மாற்ற முடிந்தால் கலவை, முடியாவிட்டால் சேர்மம். வேதிவினையால் அதற்கு மேல் பிரிக்கவே முடியாது என்றால் தனிமம்.

தூத்துக்குடி உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வித்தியாசம் அங்கே பாத்தி பாத்தியாகத் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். எல்லாமே சோறுக்குப் போடும் உப்பு அல்ல. வெயிலில் நீர் வற்ற வற்ற, மிதவை மீட்டரை விட்டு எத்தனை 'டிகிரி' ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள் (இது சூட்டின் டிகிரி அல்ல, நீரின் அடர்த்திக்கான அளவு). 25 டிகிரிக்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடும், அதற்கு மேல்தான் நமது உப்பு விளையும், கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் மக்னீசிய உப்புகள் தங்கி நாக்கில் வைத்தால் கசக்கும். வெறும் வெயில் ஒரு கலவையை இந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் விளைந்த உப்பை இன்னும் நூறு வருஷம் வெயிலில் போட்டாலும் சோடியம் ஒரு பக்கம், குளோரின் ஒரு பக்கம் என்று பிரியாது. அதற்கு உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஹம்ப்ரி டேவி 1807இல் முதன்முதலாகச் சோடியத்தைப் பிரித்தது அப்படித்தான். அவர் உருக்கியது உப்பை அல்ல, காஸ்டிக் சோடாவை.

இன்னொன்றையும் செய்து பார்த்துவிடுங்கள், பின்னால் உதவும். பழைய கரண்டியில் கொஞ்சம் சீனி போட்டுச் சிறு தீயில் காட்டுங்கள். உருகும், பழுப்பாகும், அப்புறம் புகைந்து கறுத்துக் கரியாகிவிடும். வெள்ளைச் சீனிக்குள் இத்தனை நாள் கரி உட்கார்ந்திருந்தது. இன்னொரு கரண்டியில் கல் உப்பு. படபடவென்று வெடிக்கும் (படிகத்துக்குள் மாட்டியிருக்கும் ஈரம்தான் அது, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்), ஆனால் உருகாது, நிறமும் மாறாது. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடுப்பில் பிடித்த கரண்டி அந்தச் சூட்டை எட்டாது. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு அட்டைகளிடம் போவோம்.

அட்டை எழுதுவது

ஒவ்வொரு அட்டையிலும் தனிமத்தின் பெயர், மேலே பெரிதாக அணு எண். அணு எண் என்பது உட்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. நடுநிலை அணுவில் எலக்ட்ரானும் அத்தனையே. அந்த எலக்ட்ரான்களைக் கூடு கூடாக நிரப்ப வேண்டும்: முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8, அப்புறம் நான்காவது. சோடியம் 11 என்றால் 2, 8, 1. குளோரின் 17 என்றால் 2, 8, 7. கால்சியம் 20 என்றால் 2, 8, 8, 2.

உள்கூடுகளைப் பேனாவால் எண்ணாக எழுதினால் போதும். கடைசிக் கூட்டுக்கு மட்டும் அட்டையின் மேல் பயறு வையுங்கள். வேதியியலில் பேச்சு நடத்துவதெல்லாம் அந்தக் கடைசிக் கூட்டு ஆட்கள்தான்.

மூன்றாவது கூட்டில் 18 பேருக்கு இடம் உண்டே என்று விவரமான பிள்ளை கேட்கும். உண்மைதான். ஆனால் 8 நிரம்பியதும் 19ஆவது எலக்ட்ரானுக்கு நான்காவது கூட்டின் முதல் இடம் ஆற்றல் கணக்கில் மலிவாகிவிடுகிறது, அதனால் பொட்டாசியத்தில் அது அங்கே போய் உட்காருகிறது. மிச்சமிருக்கும் 10 இடங்கள் ஸ்காண்டியத்திலிருந்து துத்தநாகம் வரை, அதாவது 21 முதல் 30 வரை நிரம்பும். அட்டவணையின் நடுவே பள்ளத்தில் பத்துப் பத்தாக நிற்கிற கூட்டம் அதுதான். இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

இனி அட்டைகளைத் தரையில் அடுக்குங்கள். ஒரே விதி: கூடு நிரம்பியதும் அடுத்த வரிசை. ஹீலியத்தோடு முதல் வரிசை முடிந்தது. லித்தியத்தில் தொடங்கி நியானில் இரண்டாவது, சோடியத்தில் தொடங்கி ஆர்கானில் மூன்றாவது. பொட்டாசியமும் கால்சியமும் நான்காவது வரிசையின் தலையில். இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றிலும் ஒரே ஒரு பயறு. ஃபுளூரின், குளோரின் இரண்டிலும் ஏழு. புத்தகத்தில் 'தொகுதி' என்று போட்டிருப்பது இந்தச் செங்குத்து வரிசையைத்தான், 'தொடர்' என்பது கிடை வரிசை. பயறு எண்ணிக்கை மூன்றும் அதற்கு மேலும் என்றால் பத்தைக் கூட்டிக்கொண்டால் தொகுதி எண் வந்துவிடும்: ஏழு பயறு, 17ஆவது தொகுதி. அக்கா மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இவங்க எல்லாம் ஒரே குடும்பமா?" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு அட்டைகள் தகராறு செய்யும். ஹீலியத்தில் இரண்டு பயறுதான், ஆனால் அதை பெரிலியத்தின் தலையில் வைக்கக் கூடாது. அதன் கூடே இரண்டோடு நிரம்பிவிட்டது, எனவே அது நியான் வீட்டுப் பிள்ளை. ஹைட்ரஜனை லித்தியத்துக்கு மேல் வைக்கிறோம் என்றாலும் அது உலோகம் இல்லை, வாயு. நான் அந்த அட்டையைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

ஒரு அட்டையைக் கவிழ்த்து வைத்து விளையாடுங்கள்

மெண்டலீவ் 1869இல் தன் அட்டவணையை வெளியிட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63தான். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அணு நிறையையும் குணத்தையும் வைத்து அடுக்கினார், பொருந்தாத இடத்தில் இழுத்துப் பிடித்து நிரப்பாமல் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலி இடத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார், சமஸ்கிருத 'ஏக'தான். 1875இல் பிரான்சில் லெகாக் டி புவாபோத்ரான் அந்த ஆளைக் கண்டுபிடித்து காலியம் என்று பெயரிட்டு, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், இல்லை, 5.9 இருக்க வேண்டும், சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9. இந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்! காலியம் உருகுவது 30 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்பதால், சென்னையில் மேஜை மேல் வைத்தால் மதியம் அது குழம்பாகத்தான் இருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளட்டும், ஒரு அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். மேலே யார், பக்கத்தில் யார் என்று பார்த்து இவருக்கு எத்தனை பயறு, உலோகமா இல்லையா, எத்தனை ஹைட்ரஜனோடு சேர்வார் என்று சொல்ல வேண்டும். பத்து ஆட்டத்தில் ஒப்பிக்கும் பழக்கம் போய்விடும். சில இடத்தில் கணிப்பு சறுக்கும், அதையும் மறைக்காமல் காட்டுங்கள். ஆக்சிஜன் குடும்பத்தில் கந்தகத்தின் ஹைட்ரைடு (ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மம்) மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கும் கீழே உள்ள செலினியத்தினுடையது மைனஸ் 41. இந்தப் போக்கில் மேலே போனால் தண்ணீர் இன்னும் கீழே, மைனஸ் 80க்குப் பக்கத்தில் கொதித்திருக்க வேண்டும். அது பிளஸ் 100இல் கொதிப்பதற்குக் காரணம், ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள்.

பயறை நகர்த்துவது: பிணைப்பு

இப்போது முக்கியமான இடம். ஒரு அட்டையில் பாசிப்பயறு, இன்னொன்றில் உளுந்து வையுங்கள், யார் கொடுத்தது என்று கடைசிவரை தெரிய வேண்டும்.

சோடியத்தில் ஒன்று, குளோரினில் ஏழு. ஒன்றை நகர்த்தினால் குளோரினுக்கு எட்டு. சோடியத்துக்கு வெளிக்கூடு காலி, உள்ளே இருந்த எட்டு இப்போது கடைசிக் கூடு. கொடுத்தவர் நேர்மின் அயனி, வாங்கியவர் எதிர்மின் அயனி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் அயனிப் பிணைப்பு. அடுத்து அலுமினியமும் ஆக்சிஜனும். அலுமினியத்தில் மூன்று, ஆக்சிஜனில் ஆறு, அதற்கு இன்னும் இரண்டு வேண்டும். இரண்டை நகர்த்துங்கள், அலுமினியத்தில் ஒன்று மிச்சம். சும்மா விட முடியாது, இன்னொரு ஆக்சிஜன் அட்டையைக் கொண்டுவந்து அந்த ஒன்றைக் கொடுங்கள். இப்போது அந்த ஆக்சிஜனுக்கு ஒன்று குறைகிறது. இன்னொரு அலுமினியத்தைக் கூப்பிடுங்கள், ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை வைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது ஆக்சிஜன் வந்து அந்த இரண்டையும் வாங்கிக்கொள்ள, கணக்கு தீர்ந்தது. இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன்.

இணைதிறன்களை (ஒரு அணு எத்தனை எலக்ட்ரான் கொடுக்கும் அல்லது வாங்கும் என்ற எண்) குறுக்காக மாற்றிப் போடும் சுருக்குவழியைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் தெரிந்த பிள்ளை மக்னீசியம் ஆக்சைடில் இரண்டு மக்னீசியம், இரண்டு ஆக்சிஜன் என்று எழுதிவைக்கும். பயறை நகர்த்திப் பார்த்த பிள்ளை எழுதாது.

இங்கே ஒரு பொய்யை உடைக்க வேண்டியிருக்கிறது. சோடியம் ஆசை ஆசையாக எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு மோல் (அணுக்களை மொத்தமாக எண்ணும் ஒரு பெரிய அளவு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். நிகர நஷ்டம் 147. லாபம் எங்கே வருகிறது என்றால், பிரிந்த அயனிகள் கோடி கோடியாக ஒன்றுகூடிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது, மோலுக்கு சுமார் 787 கிலோஜூல். படிகம் கட்டத்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலே. 'உப்பு மூலக்கூறு' என்று தனியாக ஒன்று படிகத்துக்குள் இல்லை என்பதும் இதனால்தான்: ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம், முடிவில்லாமல். அந்தக் கட்டுக்கோப்பைக் குலைக்கத்தான் 801 டிகிரி. நல்ல பெரிய கல் உப்பாக ஒன்றை எடுத்துக் கத்தி விளிம்பை வைத்து லேசாகத் தட்டுங்கள், தட்டையான முகங்களோடு பிளக்கும். ஒரு அடுக்கு ஓரிடம் நகர்ந்தால் நேர்மின்னுக்கு எதிரே நேர்மின் வந்து, தள்ளிக்கொண்டு பிரிந்துவிடும். செம்புக் கம்பியைத் தட்டினால் நசுங்குமே தவிரப் பிளக்காது, ஏனென்றால் உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, எல்லா அணுக்களுக்கும் பொது.

சரி, இரண்டு பேருமே வாங்குகிற கட்சியாக இருந்தால்? அங்கே பங்குதான், சகப்பிணைப்பு. ஆக்சிஜன் அட்டையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு உளுந்தை நடுக்கோட்டில் வைக்க, ஆக்சிஜனும் ஒரு பயறை அதன் பக்கத்தில் வைக்கும். எண்ணும்போது நடுவில் இருப்பதை இரண்டு பக்கமும் சேர்த்து எண்ண வேண்டும்: ஆக்சிஜனுக்கு எட்டு, ஹைட்ரஜனுக்கு இரண்டு. நைட்ரஜனுக்கு மூன்று குறைவு என்பதால் இரண்டு நைட்ரஜன் மூன்று ஜோடியைப் பங்குபோடும். அந்த முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாமல், நாம் யூரியா மூட்டை வாங்குவது இதனால்தான்.

கொடுக்கல் வாங்கலா, பங்கா என்று எப்படித் தீர்மானிப்பது? உலோகமும் அலோகமும் என்றால் பெரும்பாலும் அயனி, இரண்டும் அலோகம் என்றால் பங்கு. இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பங்குபோட்ட எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் பலம், அந்த எண்களைக் கழித்துப் பாருங்கள்: குளோரின் 3.16, சோடியம் 0.93, வித்தியாசம் 2.23. 1.7ஐத் தாண்டினால் அயனி என்று ஒரு தோராயக் கோடு உண்டு. தோராயம்தான். ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் வித்தியாசம் 1.78, ஆனால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு சகப்பிணைப்புதான்.

பேட்டரி வைத்துச் சரிபார்ப்பது

9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டு. எல்லாவற்றையும் வரிசையாக ஒயரில் இணைத்து, பென்சில் முனைகள் இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல் தம்ளரில் விடுங்கள். சீனித் தண்ணீரில் விளக்கு எரியாது, உப்புத் தண்ணீரில் எரியும். சீனி கரையும்போது மூலக்கூறு மூலக்கூறாகவே கரைகிறது; உப்பு அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமக்கிறது. உப்புத் தண்ணீரில் பென்சில் முனையில் குமிழி வரும், கொஞ்சம் குளோரின் வாடையும் வரலாம், ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சுவர் பிளக் பக்கம் இந்த ஒயரைக் கொண்டுபோகவே கூடாது.

நான் முதல் தடவை செய்தபோது மானம் போனது. சீனிக் கரைசலில் எரியாது பார் என்று சொல்லி முடிப்பதற்குள் மங்கலாக எரிந்தது. வெறும் தண்ணீரிலும் எரிந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான் காரணம்: கால்சியம், மக்னீசியம் என்று அயனிகள் ஏற்கெனவே அதில் நிறையக் கரைந்திருக்கின்றன. வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற அதே சமாச்சாரம். அப்புறம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து செய்தோம், சரியாக வந்தது. போர் தண்ணீர் தம்ளரையும் கூடவே வைத்துச் செய்வது இன்னும் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக ஒரு புதிர், அட்டையை வைத்தே போடலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் (வெள்ளீயம்தான்) பூசுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? சூடான பாத்திரத்தில் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுத் துணியால் தேய்ப்பார், குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தத் தூள் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிய, பாத்திரத்தின் மேலிருக்கும் ஆக்சைடு அழுக்கை அமிலம் தின்றுவிடும். மேலே போய்க் குளிர்ந்ததும் மிச்சம் இரண்டும் மறுபடி சேர்ந்து வெள்ளைப் புகையாகிவிடும்.

நைட்ரஜனை நடுவில் வைத்து ஐந்து பாசிப்பயறு போடுங்கள். மூன்று ஹைட்ரஜன் ஆளுக்கு ஒரு உளுந்தோடு வந்து பங்குபோடட்டும், அம்மோனியா ஆயிற்று, நைட்ரஜனிடம் ஒரு ஜோடிப் பயறு யாருக்கும் கொடுக்காமல் மிச்சமிருக்கும். நான்காவது ஹைட்ரஜனை எடுத்து, அதன் உளுந்தைக் குளோரின் அட்டைக்குக் கொடுத்துவிடுங்கள். குளோரினுக்கு எட்டு. வெறுங்கையோடு நிற்கிற ஹைட்ரஜனை நைட்ரஜனின் அந்த மிச்ச ஜோடிக்குப் பக்கத்தில் வையுங்கள். இப்போது அந்தக் கோட்டில் உளுந்தே இல்லை, இரண்டுமே நைட்ரஜன் போட்ட பாசிப்பயறு. புத்தகத்தில் ஈதல் சகப்பிணைப்பு என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பது இதைத்தான். பக்கத்தில் குளோரின், எட்டோடு, எதிர்மின் அயனியாக.

அக்கா மகள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். பயறை நான் பொறுக்க வேண்டியதாயிற்று.